வெறும் குழாய்

மலைமேல் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. பழைய தகரக் கூரை. மழை வலுக்கும்போது உள்ளே இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே பூஞ்சையிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள்.

அதை நடத்தியவர் கோசலை. நாற்பத்தாறு வயது. அவரிடம் கற்க வந்த மரியபுஷ்பம் ஏழு வயது மூத்தவர். குழித்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் விஞ்ஞானம் நடத்திவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையேறி வந்தவர். அதனால் அங்கே மாணவியை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். குருவும் அப்படித்தான் கூப்பிட்டார்.

வந்த அன்று கோசலை கேட்டார்.

"எதுக்கு டீச்சர், இந்த வயசுல?"

"ஒரு பத்திரிகையில படிச்சேன் மேடம். தாய்ப்பால்ல இருக்கிற கொழுப்பை ஒரு பூஞ்சையும் செய்யுதாமே."

"ஒரு கொழுப்பை. எல்லாத்தையும் இல்லை."

"அந்த ஒண்ணு போதும்."

"யாருக்கு?"

கோசலை மறுபடி கேட்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்துக் கொடுத்தார். குளிர் அறையின் சாவி.

*

அந்தப் பூஞ்சையைப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் சோலைக்காட்டு மண்ணிலிருந்து கோசலைதான் எடுத்தார். தட்டில் வளர்த்தால் வட்டத்துக்குள் வட்டமாக, இதழ்மேல் இதழாக விரியும். மூடியைத் திறந்தால் லேசாகப் பூண்டு வாசனை வரும். அதன் எண்ணெயில் அராக்கிடோனிக் என்ற அமிலம் இருக்கிறது. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. வயிற்றிலிருக்கும்வரை தாயின் ரத்தத்திலிருந்து கிடைக்கும்; பிறந்தபின் பாலிலிருந்து. முன்கூட்டியே பிறந்துவிட்ட குழந்தையால் தனக்குப் போதுமான அளவு அதைச் செய்துகொள்ள முடியாது. யாராவது கொடுக்க வேண்டும்.

ஒரு ஜனவரி மாதம் மரியபுஷ்பம் கேட்டார்.

"மேடம், இந்தப் பூஞ்சை எதுக்கு இதைச் செய்யுது? அதுக்கு ஏது மூளை, ஏது கண்ணு?"

"நீங்க தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் எங்கே?"

"ரூம்ல இருக்கு."

"எடுத்துட்டு வாங்க."

ஊரில் தம்பி வீட்டுத் தேங்காயைச் செக்கில் ஆட்டிக் கொடுத்தனுப்பிய எண்ணெய். கோசலை அந்தப் பாட்டிலை வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தார். பக்கத்தில் பூஞ்சை எண்ணெய் இருந்த ஒரு சின்னக் குப்பியை வைத்தார். வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஜன்னல் கண்ணாடியில் பனி பூத்திருந்தது. தேங்காய் எண்ணெய் மெழுகுபோல வெளுத்து உறைந்திருந்தது.

"குப்பியைச் சாய்ச்சுப் பாருங்க."

மரியபுஷ்பம் சாய்த்தார். மஞ்சள் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடியது.

"இது உறையல."

"ஜனவரி மாசம் அந்த மண்ணுக்குள்ள உயிரோட இருக்கணும். அதுக்காகத்தான் செய்யுது. பிள்ளைகளை அதுக்குத் தெரியாது."

மரியபுஷ்பம் தன் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மலைக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் அப்படித்தான். எண்ணெய் உருகாமல் தலை வார முடியாது. தலை வாராமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொன்னுலிங்கம் எதிரே வந்தார். அவருக்கு ஓய்வு பெற நான்கு வருஷம் இருந்தது.

"டீச்சருக்குத் தினம் காலையில கக்கத்துல வச்சுக் காய்ச்சல் பார்க்கிறாங்க போல."

"ஆமா. பார்க்கிற டாக்டர் நீங்கதான். என்ன டிகிரி இருக்குன்னு சொல்லுங்க."

"குளிரை டிகிரியில சொல்லலாம். நான் படிச்சது எட்டாங் கிளாஸ்."

*

முதல் வருஷம் ஒரு தவறு நடந்தது.

குடுவையில் சர்க்கரையும் சத்துச் சாறும் கலந்து பூஞ்சையைப் போடுவார்கள். ஒரு வாரத்தில் சாறு தீர்ந்துவிடும், சர்க்கரை மிஞ்சும். அப்போது பூஞ்சை வளர்வதை நிறுத்திக்கொள்ளும். மரியபுஷ்பம் அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றினார். மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம். பூஞ்சை குடுவை நிறையப் பஞ்சுபோல் வளர்ந்தது. பிழிந்து பார்த்தால் எண்ணெய் இல்லை.

"நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார் கோசலை.

"வாடிப்போய்த் தெரிஞ்சுது மேடம். பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல."

"வளர வழியில்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் அது சேர்த்து வைக்கும். சர்க்கரை தீர்ந்த பிறகும் விட்டீங்கன்னா, சேர்த்த எண்ணெயையே எடுத்துச் சாப்பிடும். மத்த கொழுப்பெல்லாம் முதல்ல போகும். நமக்கு வேணுங்கிறது கடைசியிலதான் போகும்."

"அப்ப இதுக்கும் தவக்காலம் உண்டு."

"ஈஸ்டர் எப்ப டீச்சர்?" என்றார் பொன்னுலிங்கம்.

"எண்ணெய் வந்தா ஈஸ்டர்."

அதற்குப் பிறகு அவர் சாறு ஊற்றவில்லை. காலையில் குளிர் அறைக்குள் போய்க் குடுவைகளைப் பார்ப்பார். ஒன்றும் செய்யாமல் திரும்புவார். அது அவருக்குக் கடினமாக இருந்தது. கதவைச் சாத்திய பிறகும் கைப்பிடியில் கை கொஞ்ச நேரம் இருக்கும்.

*

இரண்டாம் வருஷம். பூஞ்சையை வடிகட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில், எந்தக் கேள்வியும் இல்லாமல் மரியபுஷ்பம் பேசினார்.

"முதல் நாள் யாருக்குன்னு கேட்டீங்க மேடம்."

"ஆமா."

"ஏழு மாசத்துல பிறந்தான். இருபத்திரெண்டு நாள் இருந்தான். எனக்குப் பால் வரல. டப்பாப் பாலைத்தான் மை ஊத்துற ஃபில்லர்ல சொட்டுச் சொட்டா விட்டோம். அந்தக் காலத்து டப்பாவுல இந்தக் கொழுப்பு கிடையாது."

"இருந்திருந்தாலும்—"

"தெரியும் மேடம். நான் சயின்ஸ் டீச்சர்."

வடிதாளின் வழியே தண்ணீர் சொட்டி முடிந்தது. தாளில் வெளிர்மஞ்சளாக ஓர் அடை நின்றது. மரியபுஷ்பம் இரண்டு கையாலும் தாளை எடுக்க வேண்டியிருந்தது. கையிலிருந்த சின்ன எஃகுக் கரண்டியைக் கொண்டையில் செருகிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் அந்த இடத்தில் சிவப்புப் பேனா இருந்தது.

சற்று நேரம் கழித்து, "கரண்டி எங்கே போச்சு?" என்றார்.

"கொண்டையில" என்றார் அப்போதுதான் உள்ளே வந்த பொன்னுலிங்கம். "இந்தக் கேள்விக்கு நான் வாரத்துல மூணு தடவை பதில் சொல்றேன். எனக்கு ஒரு முனைவர் பட்டம் கொடுக்கலாம்."

*

மூன்றாம் வருஷம் மரியபுஷ்பம் ஒன்று செய்து பார்த்தார். எல்லோரும் ஏழு நாள் பட்டினி போடுவார்கள். அவர் நாற்பது நாள் போட்டார், குளிர் அறையில். முடிவில் பூஞ்சை ஒரு சிட்டிகைதான் மிஞ்சியது.

எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க அங்கே ஒரு கருவி இருந்தது. ஆவியாக்கிய கொழுப்பை ஹீலியம் காற்று ஒரு நீண்ட சுருளுக்குள் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு அமிலமும் தனக்குரிய நிமிஷத்தில் வெளியே வரும். வரும்போது தாளில் ஒரு கூரான மேடு எழும். அதை அவர்கள் பீக் என்றார்கள். ஒரு முறை ஓட்ட முக்கால் மணி நேரம். ஹீலியம் சிலிண்டர் மதுரையிலிருந்து லாரியில் வர வேண்டும். அதனால் ஓட்டங்களைச் சிக்கனமாகச் செய்தார்கள்.

நாற்பது நாள் பூஞ்சையை ஓட்டியபோது, பன்னிரண்டாவது நிமிஷத்தில் இதுவரை வராத ஒரு பீக் வந்தது. அதை அடுத்து ஒரு குட்டி பீக். அப்புறம் வழக்கமானவை. கடைசியில் அராக்கிடோனிக், உயரமாக.

"பன்னிரண்டாவது நிமிஷம் என்ன?" என்றார் மரியபுஷ்பம்.

பொன்னுலிங்கம் அட்டவணையைப் பார்த்தார். "லாரிக்."

கோசலை தாளை வாங்கி ஜன்னலோரம் போய் நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பதினெட்டு வருஷத்துல இது வந்ததில்லை."

"பதினெட்டு வருஷத்துல யாரும் நாப்பது நாள் வச்சதில்லை மேடம்."

"ம்."

"லாரிக் தாய்ப்பால்ல உண்டு. பக்கத்துல இருக்கிற குட்டியும் உண்டு." மரியபுஷ்பத்தின் குரல் தாழ்ந்திருந்தது. "ஒரே பூஞ்சை. ரெண்டையும் செய்யுது."

மழை கூரையில் விழத் தொடங்கியது. மழை ஓய்ந்ததும் கோசலை, "இன்னொரு தரம் வளர்த்து ஓட்டுங்க" என்றார்.

இன்னொரு நாற்பது நாள். மறுபடியும் பன்னிரண்டாவது நிமிஷத்தில் வந்தது.

மரியபுஷ்பத்தின் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பை மாற்றினார்கள். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஆனால் மூன்று முறை வந்தால்தான் வந்ததாகக் கணக்கு. ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. இனிக் கிடைக்காது. மூன்றாவது ஓட்டத்தை முடித்து ஒரு வெள்ளிக்கிழமைக்குள் ஏட்டைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மரியபுஷ்பத்தின் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடும்.

*

அந்த வாரம் மலைப்பாதையில் மண் சரிந்தது. சிலிண்டர் லாரி கீழேயே நின்றுவிட்டது. பத்து நாளாகும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பொன்னுலிங்கம் சிலிண்டரின் முள்ளை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஓட்டம் தாங்கும். அதுக்கு மேல கேக்காதீங்க."

"ஒண்ணு போதும்" என்றார் மரியபுஷ்பம். மூன்றாவது நாற்பது நாள் பூஞ்சை காய்ந்து தயாராக இருந்தது.

கோசலை வாசலில் நின்றிருந்தார். குடை கையில் இருந்தது.

"டீச்சர். பூஞ்சையை ஓட்ட வேண்டாம்."

"பிறகு?"

"வெறும் குழாயை ஓட்டுங்க."

பொன்னுலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"புரியல மேடம்" என்றார் மரியபுஷ்பம். அவருக்குப் புரிந்திருந்தது.

"நீங்க எப்பவும் செய்யிறதை எல்லாம் செய்யுங்க. அதே தாள், அதே கரண்டி, அதே மருந்து, அதே கை. பூஞ்சை மட்டும் வேண்டாம். ஒண்ணுமில்லாததை ஓட்டினா என்ன வருதுன்னு பார்ப்போம்."

"வெறும் இலையைப் போட்டுப் பந்தி பரிமாறச் சொல்றீங்களே மேடம்" என்றார் பொன்னுலிங்கம்.

"முதல் நாளே ஓட்டியிருக்கணும். ஒவ்வொரு தடவையும் காஸ் இல்லை, நேரம் இல்லைன்னு தள்ளிக்கிட்டு வந்தோம். நானும் கேக்கல."

"லாரி வந்த பிறகு இதை ஓட்டினா ஆகாதா?" என்றார் மரியபுஷ்பம். "இப்ப பூஞ்சையை ஓட்டி ஏட்டைக் கொடுத்திருவோம். வெறும் குழாய் எங்கேயும் போகாது."

"ஏட்டைக் கொடுத்த பிறகு அதைப் பார்க்க யாருக்கும் கண்ணு இருக்காது டீச்சர்."

"அதுல ஒண்ணும் வராட்டி?"

"ரெண்டு ஓட்டமே போதும்னு நான் எழுதித் தர்றேன். குழுகிட்ட நானே பேசறேன்."

"வந்தா?"

கோசலை மேசைக்கு வந்தார். ஏட்டின் முதல் பக்கத்தை எடுத்தார். இந்த ஆய்வு என் மேற்பார்வையில் நேர்மையாக நடந்தது என்று வழிகாட்டி சொல்லும் பக்கம். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார். தாளை மரியபுஷ்பத்தின் முன்னால் வைத்தார்.

"கையெழுத்து இதுல இருக்கு. எந்தக் குழாயை ஓட்டுறதுங்கிறதை நீங்க பாருங்க."

"நீங்க இருக்க மாட்டீங்களா மேடம்?"

"சோலைக்குப் போறேன். மண் எடுக்கணும்."

மழைநாளில் கோசலை மண் எடுப்பதில்லை. அது மூவருக்கும் தெரியும். அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

*

மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. மரியபுஷ்பம் எதையும் தொடவில்லை.

"மேடம் சாயங்காலம்தான் வருவாங்க" என்றார் பொன்னுலிங்கம்.

"ம்."

"எதை ஓட்டட்டும்?"

"நீங்கன்னா எதை ஓட்டுவீங்க?"

"நான் மெஷினைப் பார்த்துக்கிறவன் டீச்சர். குழாயைக் கொடுங்க, ஓட்டறேன்."

மரியபுஷ்பம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையெழுத்திட்ட தாளின் ஓரம் காற்றில் எழுந்தது. அதன்மேல் ஒரு மூடியை எடுத்து வைத்தார்.

"பத்தொம்பதாம் நாள் பிள்ளைக்கு எடை கூடியிருக்குன்னு சொன்னாங்க" என்றார்.

பொன்னுலிங்கத்துக்கு அந்தக் கதை தெரியாது. ஆனாலும் யார் பிள்ளை என்று கேட்கவில்லை.

"நூத்தம்பது கிராம். ஆஸ்பத்திரி வராந்தாவுல போறவங்க வர்றவங்க எல்லாருக்கும் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் போய் மிட்டாய் வாங்கிட்டு வந்தாரு."

"சந்தோஷம்தானே டீச்சர்."

"போர்த்தியிருந்த துணியோட நிறுத்திருந்தாங்க."

கூரையில் மழை குறைந்து, தனித்தனிச் சொட்டாகக் கேட்டது.

"யாரு கண்டுபிடிச்சது?"

"நான்தான். துணியை மட்டும் எடுத்துத் தராசுல வச்சுப் பார்த்தேன்."

"எதுக்கு டீச்சர் அதைப் போய்ப் பார்த்தீங்க? ரெண்டு நாள் நிம்மதியா இருந்திருக்கலாம்."

"ரெண்டு நாள் நிம்மதியாத்தான் இருந்தேன்" என்றார் மரியபுஷ்பம். "பிள்ளை இளைச்சுக்கிட்டே இருந்தான். அதைப் பார்க்காம விட்டுட்டேன்."

எழுந்தார். கை கழுவினார். புது வடிதாள் ஒன்றை எடுத்து விரித்தார். காய்ந்த பூஞ்சை இருந்த குழாயை எடுத்துத் தாங்கியில் திருப்பி வைத்தார்.

பூஞ்சை இல்லாத தாளைச் சுரண்டினார். எஃகுக் கரண்டி தாளில் கரகரவென்று உரசியது. இரண்டு கையும் வேண்டியிருந்தபோது கரண்டியைக் கொண்டையில் செருகிக்கொண்டார். எடுத்துக் குழாய்க்குள் விட்டு எப்போதும்போலத் தட்டினார். எதுவும் விழவில்லை. அமிலம் ஊற்றினார். மூடினார். வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தார். ஆற வைத்தார். மேலே தெளிந்து நின்றதை உறிஞ்சி ஒரு சின்னக் குப்பியில் விட்டார். ஒரு படியும் விடவில்லை. இவ்வளவு கவனமாக அவர் எந்த மாதிரியையும் செய்ததில்லை என்று பொன்னுலிங்கத்துக்குத் தோன்றியது.

குப்பியை நீட்டினார்.

"இதுவா?"

"இதுதான்."

கருவி ஓடத் தொடங்கியது. தாளில் கோடு நேராகப் போனது. ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். பொன்னுலிங்கம் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். மரியபுஷ்பம் உட்காரவில்லை. பதினோரு நிமிஷம்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் பேனா எழுந்தது. கூராக ஏறி இறங்கியது. அதை அடுத்துக் குட்டியாக ஒன்று ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகு கடைசிவரை கோடு கோடாகவே இருந்தது. அராக்கிடோனிக் வர வேண்டிய இடத்திலும் கோடுதான்.

ஓட்டம் முடிந்தபோது சிலிண்டரில் முள் பூஜ்யத்தில் கிடந்தது.

"மெஷினை நல்லா ஊதிச் சுத்தம் பண்ணித்தான் ஓட்டினேன் டீச்சர்" என்றார் பொன்னுலிங்கம்.

"மெஷின் இல்லை."

கொண்டையிலிருந்து கரண்டியை உருவினார். அதன் தட்டை முனையை விரல்களால் தடவினார். விரல் வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக். மிச்சத்தில் பெரிய பங்கு அந்தக் குட்டி. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மரியபுஷ்பம் அதை இருபத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறார். கோசலை அதைப் பற்றித் தேர்வுத்தாள் திருத்தியிருக்கிறார். பொன்னுலிங்கம் அதே கருவியில் எத்தனையோ முறை தேங்காய் எண்ணெயை ஓட்டியிருக்கிறார்.

அந்த பீக் வந்த நாளிலிருந்து மூவரில் ஒருவரும் தேங்காய் என்ற சொல்லைச் சொல்லியிருக்கவில்லை.

*

கோசலை திரும்பி வந்தபோது வெயில் லேசாக அடித்தது. செருப்பில் சேறு அப்பியிருந்தது. பையில் மண் இல்லை.

மேசைமேல் தாளும், அதன்மேல் எஃகுக் கரண்டியும் இருந்தன. கோசலை கரண்டியை நகர்த்திவிட்டுத் தாளைப் பார்த்தார். இந்த முறை ஜன்னலோரம் கொண்டுபோகவில்லை. அதிக நேரமும் பார்க்கவில்லை.

"என்னோட கொண்டை மேடம்" என்றார் மரியபுஷ்பம்.

"ம்."

"மூணு வருஷமா என் தலையெண்ணெயையும் சேர்த்து அளந்திருக்கேன். முன்னாடி பூஞ்சை கைநிறைய இருந்துது, அதுல தெரியல; ஒரு சிட்டிகையில தெரிஞ்சிருச்சு."

"மிச்ச பீக் எல்லாம் பூஞ்சையோடதுதான் டீச்சர். நாப்பது நாளைக்கு அராக்கிடோனிக் கூடியிருக்கு. அது பொய்யில்லை."

"அது வேற தலைப்பு. வேற பதிவு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாது."

"ஆகாது."

பொன்னுலிங்கம் மூன்று தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மரியபுஷ்பம் மூடியை நகர்த்திக் கையெழுத்திட்ட தாளை எடுத்தார். கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக் கோசலையிடம் நீட்டினார்.

"இது உங்களோடது."

கோசலை வாங்கிக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்."

"கேளுங்க."

"ஓட்டச் சொன்னது நீங்க. அப்படியிருக்க, கையெழுத்தையும் போட்டு வச்சுட்டு எதுக்கு எழுந்து போனீங்க? இங்கேயே நின்னிருந்தா நான் யோசிச்சிருக்கவே மாட்டேன். நீங்க சொன்னதைச் செய்திருப்பேன்."

கோசலை தாளை மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.

"பதினெட்டு வருஷமா இந்தப் பூஞ்சையோட இருக்கேன்" என்றார். "அந்த பீக் இருக்கணும்னு உங்களுக்கு எவ்வளவு இருந்துதோ, எனக்கும் அவ்வளவு இருந்துது. இங்கே நின்னிருந்தேன்னா, டீச்சர், பூஞ்சையை ஓட்டுங்கன்னு சொல்லியிருப்பேன்."